நோர்வேயின் வடகரையில் குடும்பத்தோடு கப்பல் பயணம்: திருகோணமலையிலிருந்து போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மகனோ மகளோ நோர்வேயில் இருக்கிறார். "இந்த முறை வரும்போது எல்லோருமாகக் கப்பலில் வடக்கே போவோம்" என்று தொலைபேசியில் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகு இங்கே வீட்டில் எழும் கேள்விகளைத்தான் கீழே சேர்த்திருக்கிறேன். அப்பா அம்மா, பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையும் ஒன்றாகப் போகிற குடும்பத்தை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

பெரிய சொகுசுக் கப்பலில் போவதா, கரையோரக் கப்பலில் போவதா?

இரண்டும் வேறு வேறு பயணங்கள். சொகுசுக் கப்பலில் மூவாயிரம், நாலாயிரம் பேர் இருப்பார்கள். நீச்சல் குளம், பிள்ளைகளுக்கு விளையாட்டு அறை, இரவில் கலை நிகழ்ச்சி எல்லாம் உண்டு. ஒரு வாரத்தில் நாலைந்து துறைமுகங்களுக்குப் போகும். ஒவ்வொன்றிலும் முழுப் பகலும் நிற்கும்.

கரையோரக் கப்பல் வேலைக் கப்பல். 1893இல் ரிச்சர்ட் வித் என்ற கப்டன் தொடங்கிவைத்த சேவை, இன்றும் பேர்கனிலிருந்து ரஷ்ய எல்லையருகே உள்ள கிர்கெனஸ் வரை ஓடுகிறது. வழியில் 34 துறைமுகங்கள். போய்த் திரும்ப 12 நாள். இப்போது ஹூர்டிக்ருட்டன், ஹவிலா என்ற இரண்டு நிறுவனங்கள் இதை நடத்துகின்றன. சுற்றுலாப் பயணி ஒரு பக்கம் இருக்க, அடுத்த ஊரில் பாட்டி வீட்டுக்குப் போகிற பிள்ளையும் அதே கப்பலில்தான் ஏறும். சரக்கும் அதிலேதான் போகும். சில இடங்களில் கால் மணி நேரம்தான் நிற்கும், சில இடங்களில் மூன்று நாலு மணி நேரம்.

என் விருப்பம் கரையோரக் கப்பல்தான். துறைமுகம் பார்த்து வளர்ந்த நமக்கு நடுச்சாமத்தில் சின்ன ஊர் ஒன்றில் கப்பல் கட்டி, பக்கக் கதவு திறந்து, ஃபோர்க்லிஃப்ட் மீன் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். மேல்தளக் கம்பியில் சாய்ந்து நின்றால் எல்லாம் தெரியும். ஆனால் ஐந்து வயதுக்குக் கீழே இரண்டு பிள்ளைகள் இருந்தால் சொகுசுக் கப்பலை யோசியுங்கள். கரையோரக் கப்பலில் அவர்களுக்கு ஓடி விளையாட இடம் குறைவு.

12 நாளும் போகவேண்டுமா?

தேவையே இல்லை. பலருக்குத் தெரியாத விஷயம், கரையோரக் கப்பலில் பஸ்ஸுக்கு எடுப்பதுபோல ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மட்டும் டிக்கெட் எடுக்கலாம். குறுகிய தூரம் என்றால் அறைகூட எடுக்காமல் இருக்கையில் இருந்து போகலாம்.

வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் சேர்ந்து போகிற குடும்பத்துக்கு நான் சொல்வது பூடோவிலிருந்து ட்ரொம்சோ வரையான பகுதி. பிற்பகலில் ஏறினால் அடுத்த நாள் பிற்பகலில் இறங்கலாம். ஒரே ஓர் இரவு. அதற்குள் லோஃபோட்டன் மலைத்தொடர், ராஃப்ட்சுந்த் என்ற ஒடுங்கிய நீர்வழி, வெஸ்டரோலன் தீவுகள் எல்லாம் வந்துவிடும். கூடக் கொஞ்ச நாள் இருந்தால் ட்ரொண்ட்ஹைமில் ஏறுங்கள். ஆர்க்டிக் வட்டத்தையும் கப்பலிலேயே கடக்கலாம். கடந்தவுடன் விரும்பியவர்களின் கழுத்துக்குள் ஐஸ் தண்ணீர் ஊற்றுகிற சடங்கு ஒன்று நடக்கும், பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய விழா வேறில்லை.

எந்த மாதம் போவது?

இதை முடிவு செய்வது பெரும்பாலும் பள்ளிக்கூட விடுமுறைதான்.

ஜூன், ஜூலை என்றால் சூரியன் மறையாத காலம். ட்ரொம்சோவில் மே 20 அளவிலிருந்து ஜூலை 22 அளவு வரை சூரியன் அடிவானத்துக்குக் கீழே போகாது. வருடம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேரப் பகலுக்குப் பழகிய நமக்கு முதல் இரண்டு இரவும் நித்திரை குழம்பும். பிள்ளைகள் படுக்கவே மாட்டார்கள். கண்ணுக்குக் கட்டுகிற துணியொன்று ஒவ்வொருவருக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே போகிற கப்பல் ராஃப்ட்சுந்தை இரவில்தான் கடக்கும் என்பதால், அந்த வெளிச்சம் கிடைக்கிற மாதங்களில் போவது பெரிய வாய்ப்பு.

இங்கே பள்ளிக்கூடம் ஓகஸ்டில்தான் விடுமுறை என்றால் நள்ளிரவுச் சூரியன் போய்விட்டிருக்கும். ஆனாலும் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் மிஞ்சியிருக்கும். மாதக் கடைசியில் வடக்கே இருட்டத் தொடங்கும்போது, இரவு வானில் பச்சையாகத் தெரிகிற வட ஒளிக்கும் ஒரு சின்ன வாய்ப்பு உண்டு.

டிசம்பர் விடுமுறையில் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போகவேண்டும்: ட்ரொம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிக்காது. மதியத்தை ஒட்டிச் சில மணி நேரம் நீல நிற மங்கல் வெளிச்சம், அவ்வளவுதான். இளவட்டங்களுக்கு அது அற்புதம். மூட்டுவலியோடு இருக்கும் அப்பம்மாவுக்கு அது சிறைவாசம். வற்புறுத்தாதீர்கள்.

சித்திரை விடுமுறையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, எனக்கு அதுதான் பிடித்தது. மலையில் பனி இருக்கும், பகல் நீண்டுவிடும், கூட்டம் இருக்காது, லோஃபோட்டனில் மீன் காயும்.

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா எப்படி?

நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. ஆகவே ஷெங்கன் வருகை விசா வேண்டும். 180 நாளுக்குள் அதிகபட்சம் 90 நாள் தங்கலாம். பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளில் முடிவு வரலாம், சில விண்ணப்பங்கள் 45 நாள் வரை இழுக்கும். கோடைக்குப் போவதென்றால் சித்திரை வருடப் பிறப்புக்கு முன்னரே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

கொழும்பிலிருந்த நோர்வே தூதரகம் 2023இல் மூடப்பட்டுவிட்டது. இலங்கை விவகாரங்களைப் புதுடில்லித் தூதரகம் பார்க்கிறது. பழைய நினைவில் கொழும்புத் தூதரகத்தைத் தேடி அலையாமல், யு.டி.ஐ. என்ற நோர்வே குடிவரவுத் துறையின் இணையத்தளத்தில் எங்கே, எப்படி ஒப்படைப்பது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கைரேகை கொடுக்க நேரில் போகவேண்டும். 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கைரேகை இல்லை.

அங்கே இருக்கும் பிள்ளையின் அழைப்புக் கடிதமும் பொறுப்பேற்புப் படிவமும் முக்கியம்தான். ஆனால் அதைவிட முக்கியம், நீங்கள் ஊருக்குத் திரும்பி வருவீர்கள் என்று காட்டுகிற பத்திரங்கள். வேலைக் கடிதம், ஓய்வூதியப் பத்திரம், காணி உறுதி, வியாபாரப் பதிவு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் ஒழுங்காக இருக்கட்டும். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுங்கள். தகப்பனோ தாயோ ஒருவர் மட்டும் பிள்ளையோடு போவதென்றால் மற்றவரின் சம்மதக் கடிதம் தேவை. மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கவேண்டும். கடவுச்சீட்டு, நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறுகிற நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும்.

விசா கையில் வரும்வரை, காசு திரும்பக் கிடைக்காத கப்பல் டிக்கெட்டை எடுக்கவே வேண்டாம். முன்பதிவு மட்டும் போதும்.

இன்னொன்று. சில சொகுசுக் கப்பல்கள் ஸ்வால்பார்ட் தீவு வரை போகும். அது நோர்வேக்குச் சொந்தமானாலும் ஷெங்கனுக்கு வெளியே இருக்கிறது. அங்கே போய்த் திரும்ப இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும். ஒரு முறை விசாவோடு போனால் திரும்பி வரும்போது சிக்கல்.

தம்பி குடும்பம் லண்டனில். அவர்களோடு சௌதாம்ப்டனில் கப்பல் ஏறலாமா?

ஏறலாம், ஆனால் உங்களுக்கு பிரித்தானிய விசாவும் ஷெங்கன் விசாவும் இரண்டும் வேண்டும். செலவும் அலைச்சலும் இரட்டிப்பு. பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தம்பிக்கு இது நினைவில் வராது. அவர் டிக்கெட் எடுக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பேர்கனுக்கு எப்படிப் போவது?

கட்டுநாயக்காவிலிருந்து தோஹா, டுபாய் அல்லது இஸ்தான்புல் வழியாக ஒஸ்லோ. அங்கிருந்து பேர்கனுக்கு விமானமும் உண்டு, ரயிலும் உண்டு. ரயிலை விடாதீர்கள். 1909இல் திறந்த பாதை, ஏறக்குறைய ஏழு மணி நேரம், நடுவில் ஃபின்சே என்ற நிலையம் 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடையிலும் அங்கே பனித் திட்டுகள் தெரியும்.

கப்பல் புறப்படுகிற அன்றே வந்து இறங்காதீர்கள். பயணப்பெட்டி வராமல் போனால் கப்பல் உங்களுக்காக நிற்காது. ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள்.

கடல் கொந்தளிக்குமா?

கப்பல் பெரும்பாலும் தீவுகளின் மறைவில்தான் போகும், அங்கே நமது உட்துறைமுகம்போலத் தண்ணீர் அசையாமல் கிடக்கும். ஆனால் சில இடங்களில் திறந்த கடல். ஸ்டாட் முனை, ஹூஸ்டாட்விக்கா, பூடோவுக்கும் லோஃபோட்டனுக்கும் நடுவே வெஸ்ட்ஃபியோர்டன், நோர்ட்காப் என்கிற வடமுனைப் பாறைக்கு அப்பால் பேரண்ட்ஸ் கடல். 2019 மார்ச்சில் வைக்கிங் ஸ்கை என்ற பெரிய கப்பல் எஞ்சின் நின்று தத்தளித்தது ஹூஸ்டாட்விக்காவில்தான். நூற்றுக்கணக்கானவர்களை ஹெலிகொப்டரில் தூக்கினார்கள். குளிர்காலப் புயலில் நடந்தது அது. கோடையில் இந்தக் கடல் பெரும்பாலும் அமைதி.

வாந்தி வருகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். மாத்திரையைத் திறந்த கடல் வரும் முன்னரே போடவேண்டும், தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. பிள்ளைகளுக்கு எவ்வளவு கொடுப்பது என்று இங்கேயே டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கூட்டிக்கொண்டு போகலாமா?

போகலாம். கரையோரக் கப்பல்களில் லிஃப்ட் உண்டு. பெரிய கண்ணாடி ஜன்னல் போட்ட அறையில் இருந்தபடியே மலையும் ஊரும் பார்க்கலாம், குளிரில் வெளியே நிற்கவேண்டிய அவசியமில்லை.

ஆனால் கரையோரக் கப்பலில் மருத்துவர் இல்லை. அவசரமென்றால் அடுத்த துறைமுகத்தில் இறக்குவார்கள், அல்லது ஹெலிகொப்டர் வரும். இதய நோய், கட்டுப்படாத சர்க்கரை வியாதி இருந்தால் மருத்துவ நிலையம் உள்ள சொகுசுக் கப்பல் பாதுகாப்பானது. ஆனால் அங்கே கட்டணம் கடுமை, காப்புறுதி கட்டாயம் வேண்டும். மருந்து முழுவதும் கைப்பையில் இருக்கட்டும், டொக்டரின் துண்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

கப்பலுக்கும் கரைக்கும் நடுவே போடுகிற நடைபாலத்தையும் கவனியுங்கள். திருகோணமலையில் வற்றுப்பெருக்கு ஒரு மீட்டர்கூட இராது. வட நோர்வேயில் இரண்டு மூன்று மீட்டர் ஏறி இறங்கும். காலையில் சமமாக இருந்த பாலம் மாலையில் செங்குத்தாக இருக்கலாம். அம்மம்மாவின் கையைப் பிடிக்க ஒருவர் எப்போதும் பக்கத்தில் நிற்கவேண்டும்.

சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணிகள்?

பெரும்பாலான சொகுசுக் கப்பல்கள் 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தையை ஏற்றாது. 24 வாரம் தாண்டிய கர்ப்பிணிகளையும் ஏற்றாது.

சாப்பாடு என்ன செய்வது? நாங்கள் மரக்கறி.

பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஏறிய பிறகு சொன்னால் உருளைக்கிழங்கும் சலாதும்தான் கிடைக்கும். ஹலால் வேண்டியவர்களும் அப்படியே முன்கூட்டிக் கேட்கவேண்டும். கிடைக்காவிட்டால் மீன் இருக்கிறது, அதுவும் அன்றன்று துறைமுகத்தில் ஏற்றிய மீன். சோற்றுக்கு ஏங்குகிற பெரியவர்களுக்கு ஊறுகாய், பருப்புப் பொடி, மிளகாய்ப்பொடி கொஞ்சம் கொண்டுபோனால் போதும். அறைக்குள் ரைஸ் குக்கர், தண்ணீர் கொதிக்கவைக்கிற கம்பி எதுவும் பாவிக்க விடமாட்டார்கள். தீப்பிடிக்கும் என்ற பயம், நியாயமான பயம்.

பேரப்பிள்ளைக்கென்று நெய், பால்கோவா, இறைச்சிப் பொரியல் கட்டிக்கொண்டு போகாதீர்கள். ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுவர நோர்வேயில் தடை. விமான நிலையத்தில் எடுத்து வீசுவார்கள்.

சூரியன் மறையாத ஊரில் தொழுகை நேரத்தை எப்படிக் கணிப்பது?

கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து போகிறவர்கள் கட்டாயம் கேட்பது இது. புறப்படும் முன் உங்கள் மௌலவியிடம் கேட்டு முடிவெடுங்கள். ட்ரொம்சோவிலேயே பள்ளிவாசல் உண்டு. அங்கே வாழ்கிற முஸ்லிம்களுக்கு இது அன்றாடக் கேள்வி என்பதால், அவர்கள் பின்பற்றும் முறையையும் கேட்டறியலாம்.

குளிருக்கு என்ன உடுப்பு?

ஜூலையிலும் வடக்கே பத்து, பன்னிரண்டு பாகை சாதாரணம். கப்பல் ஓடும்போது காற்று அதை இன்னும் கூர்மையாக்கும். ஒரு தடித்த கோட்டை விட மூன்று மெல்லிய அடுக்கு நல்லது: உடம்போடு ஒட்டிய கம்பளி உள்ளுடுப்பு, நடுவில் ஸ்வெட்டர், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. சேலைதான் உடுப்பேன் என்கிற அம்மாவுக்குக் கீழே கம்பளிக் காற்சட்டை போட்டுவிடுங்கள், செருப்பு மட்டும் போடவே விடாதீர்கள். மேல்தளம் நனைந்திருக்கும், வழுக்கும்.

இவற்றைக் கொழும்பில் தேடி அலையவேண்டாம். அங்கே இருக்கும் பிள்ளையின் வீட்டு அலுமாரியில் எல்லா அளவிலும் இருக்கும்.

எந்தெந்த ஊரில் கட்டாயம் இறங்கவேண்டும்?

பேர்கனில் புறப்படும் முன் ஒரு நாள் போதும். பிரிக்கன் என்ற பழைய மரக் கட்டடங்களின் வரிசை 1979இலேயே உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மலைக்கு ஏற ஃப்ளோய்பானன் என்ற கம்பி இழுக்கும் ரயில் உண்டு. குடையை விட மழைக் கோட்டை நம்புங்கள், மழைக்குப் பேர்போன ஊர் அது.

ஓலசுண்ட் 1904 ஜனவரியில் ஒரே இரவில் எரிந்துபோன ஊர். மரவீடுகள் எல்லாம் போய், சில வருடங்களுக்குள் கல்லிலும் செங்கல்லிலும், அந்தக் காலப் பாணியில் பூவேலைப்பாட்டோடு எழுப்பிவிட்டார்கள். அழிந்த ஊரைத் திரும்பக் கட்டுவது என்னவென்று தெரிந்தவர்கள் நாம். அந்தத் தெருக்களில் மெதுவாக நடந்து பாருங்கள். மலை உச்சிக்கு 418 படி, முழங்கால் நோவு உள்ளவர்கள் வாகனத்தில் போகலாம்.

கெய்ராங்கர் ஃபியோர்டுக்கு (மலைகளுக்கு நடுவே உள்ளே நுழைகிற ஒடுங்கிய கடல்) போகவேண்டும் என்றால் அட்டவணையைக் கவனமாகப் பாருங்கள். உலக மரபுரிமை ஃபியோர்டுகளில் புகைவிடும் கப்பல்களுக்கு 2026 முதல் படிப்படியாகக் கட்டுப்பாடு வருகிறது. பெரிய கப்பல்களுக்கு 2032 வரை அவகாசம்.

லோஃபோட்டனில் ஸ்வொல்வேர் அல்லது ஸ்டாம்சுந்த். வடகரையில் எந்த ஊரை விட்டாலும் இதை விடாதீர்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பேரண்ட்ஸ் கடலிலிருந்து கொட் மீன் முட்டையிட இங்கே வரும். தலையை வெட்டி, இரண்டிரண்டு மீனாக வாலில் கட்டி, மரச் சட்டங்களில் ஆயிரக்கணக்கில் தொங்கவிடுவார்கள். உப்பே போடுவதில்லை. நம் கரையில் கருவாட்டுக்கு உப்பும் வெயிலும் செய்கிற வேலையை அங்கே உறைநிலையை ஒட்டிய குளிர்காற்று செய்கிறது. சில மாதத்தில் மீன் தட்டினால் சத்தம் கேட்கும் அளவுக்கு இறுகிவிடும். நம் கருவாட்டு மணம் அவ்வளவாக இல்லை. நல்ல தரம் இத்தாலிக்குப் போகிறது, வெட்டிய தலைகள்கூட வீணாகாமல் காய்ந்து நைஜீரியாவுக்குப் போகின்றன. திருகோணமலையில் மீன் தொழில் செய்த பெரியவர் ஒருவரை அந்தச் சட்டங்களின் கீழே கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். கேள்விமேல் கேள்வி கேட்பார், பிள்ளைகள் மொழிபெயர்த்துக் களைத்துப்போவார்கள். கரையோரக் கப்பல் இங்கே அதிக நேரம் நிற்காது. மீன் காய்வதை ஆற அமரப் பார்க்க விரும்பினால் இறங்கி ஓர் இரவு தங்கி, அடுத்த நாள் கப்பலில் ஏறுங்கள்.

ட்ரொம்சோவில் வடக்கே போகிற கப்பல் ஏறக்குறைய நாலு மணி நேரம் நிற்கும். கேபிள் காரில் மலைக்குப் போவதற்கு அது போதும். பிறகு ஹொன்னிங்ஸ்வோக். அங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் வடமுனை, கடலிலிருந்து 307 மீட்டர் உயர்ந்த பாறை. வழியில் கோடையில் துருவ மான்கள் மேயும். இந்தப் பஸ்ஸை முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் இடம் கிடைப்பது சந்தேகம். கிர்கெனஸ் வரை போவது கடைசி வரை பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு.

வட ஒளி கட்டாயம் தெரியுமா?

யாரும் உறுதி தரமுடியாது. சூரியனிலிருந்து வருகிற துகள்கள் மேல் வளிமண்டலத்தில் மோதும்போது வருவது அது, பச்சை நிறம் ஒட்சிசனால். இருட்டும் வேண்டும், முகிலில்லாத வானமும் வேண்டும். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை போகிறவர்களுக்கே நல்ல வாய்ப்பு. தெரிந்தால் கப்பலில் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். கோட்டையும் சப்பாத்தையும் கதவருகே வைத்துவிட்டுப் படுங்கள்.

செலவைக் குறைக்க வழி?

ஜன்னல் இல்லாத உள் அறை எடுங்கள், பகலில் யாரும் அறைக்குள் இருக்கப்போவதில்லை. சூரியன் மறையாத மாதங்களில் நித்திரைக்கும் அதுதான் நல்லது. கோடையை விட வசந்தமும் இலையுதிர் காலமும் மலிவு. சொகுசுக் கப்பல் விளம்பரத்தில் காணும் விலையை மட்டும் நம்பாதீர்கள்: சேவைக் கட்டணம், இணையம், குடிவகை, கரைச் சுற்றுலா எல்லாம் அதன்மேல் ஏறும். அநேகமாக எல்லா இடத்திலும் அட்டைதான், காசுத் தாளைப் பார்ப்பதே அரிது. இங்கிருந்து கொண்டுபோகும் அட்டை வெளிநாட்டில் வேலை செய்யுமா என்று வங்கியில் முதலே கேளுங்கள்.

அந்த வடக்கில் தமிழர் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம்மவர்கள் பலர் ஃபின்மார்க் மாகாணத்தின் மீன் பதனிடும் ஆலைகளில்தான் முதலில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பின்னர் ஒஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் பலர் இறங்கி வந்தார்கள். உங்கள் சம்பந்தி வீட்டிலேயே அப்படி ஒருவர் இருக்கக்கூடும். இந்தப் பயணம் அவருக்கு முப்பது வருடத்துக்கு முந்தைய வேலைத்தளத்தைப் பார்க்கிற பயணமாக இருக்கும், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். துருவ இரவில் மீன் வெட்டி ஊருக்குக் காசு அனுப்பிய கதையை இங்கே பலர் கேட்டிருக்கிறோம், அந்த ஆலை நிற்கும் துறைமுகத்தைப் பார்த்ததில்லை.

நோர்வே வரை போகாமல் நம் கரையிலேயே கப்பல் பயணம் உண்டா?

2023இல் சென்னையிலிருந்து வந்த எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை மூன்று துறைமுகங்களுக்கும் வந்தது. அந்த ஏற்பாடு இந்தியப் பயணிகளை வைத்துத்தான். நம்மூர்க் குடும்பம் அட்டவணை பார்த்து ஏறி இறங்கிப் போகிற கரையோரச் சேவை இங்கே இல்லை. இருந்தால் காங்கேசன்துறைக்குக் கப்பலில் போக நான் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.

இறங்கிய இடத்தில் கப்பலைத் தவறவிட்டால்?

கப்பல் நிற்காது. இறங்கும் வாசலில் புறப்படும் நேரத்தைப் பலகையில் போட்டிருப்பார்கள், அதைத் தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தவறிவிட்டால் பஸ்ஸிலோ வாகனத்திலோ அடுத்த துறைமுகத்துக்கு ஓடவேண்டும். சில இடங்களில் அது நடக்கும், தீவுகளில் நடக்காது. கடவுச்சீட்டின் படப்பிரதி, மருந்து, அட்டை மூன்றும் இறங்குகிற ஒவ்வொரு முறையும் பெரியவர் ஒருவரின் கைப்பையில் இருக்கவேண்டும். பிள்ளைகளின் சட்டைப்பைக்குள் கப்பலின் பெயரும் அப்பா அம்மாவின் தொலைபேசி எண்ணும் எழுதிய துண்டொன்றை வைத்துவிடுங்கள்.